நிழல் தரும் ஆழம்

விழித்திரை அறுவை செய்யும் மருத்துவரின் இரண்டு கைகளில் ஒன்று விளக்கு பிடிப்பதற்கே போய்விடுகிறது. வலக்கையில் வெட்டி உறிஞ்சும் கருவி இருக்கும். இடக்கையில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளிக்குழல். கண்ணின் வெள்ளைப் பகுதியில் போட்ட நுண்ணிய துளைகள் வழியாக இரண்டும் உள்ளே இறங்குகின்றன. இரண்டு கையாலும் திசுவைப் பிடித்து வேலை செய்தால் எவ்வளவோ எளிதாக இருக்கும் என்று எல்லா விழித்திரை மருத்துவர்களுக்கும் தெரியும். இருந்தும் பெரும்பாலான நேரம் ஒரு கையை விளக்குக்குத்தான் கொடுக்கிறார்கள். இதற்கான காரணத்தைத் தேடிப்போனால், வயிற்றுக்குள் எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் அறுவையில் நாற்பது ஆண்டுகளாகத் தீராத ஒரு சிக்கலுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கண்ணிலிருந்து தொடங்க இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் இந்த அறுவைக்கு ஆளாகிறவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். கோபாலபுரம் கான்ரான் ஸ்மித் சாலையில் இயங்கும் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய பெரிய மக்கள்தொகை ஆய்வின் ஒரு பகுதியாக, மறைந்த கண் மருத்துவர் ரெமா மோகனும் அவரது குழுவினரும் சென்னைவாசிகளின் விழித்திரைகளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவுகள் வெளியாயின. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைக்குத் தேடி வந்தவர்களை மட்டும் எண்ணாமல், நகரத்து மக்களிடையே மாதிரி எடுத்துக் கணக்கிட்டது என்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

இவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினாலே போதும். சிலருக்கு லேசரோ ஊசியோ தேவைப்படும். நோய் முற்றிய சிலருக்கு விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் கசியும். கூடவே நார்ச்சவ்வு வளர்ந்து விழித்திரையைப் பிடித்து இழுக்கும். அந்தச் சவ்வை உரித்தெடுக்கத்தான் விட்ரெக்டமி என்ற அறுவை. கண்ணின் மொத்த நீளமே சுமார் 24 மில்லிமீட்டர். விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவு. அதன்மேல் ஒட்டிக்கிடக்கும் சவ்வைக் கிள்ளி எடுக்க வேண்டும், கீழே உள்ளதைக் கிழித்துவிடக் கூடாது. உடம்பில் வேறெங்கும் ஆழத்தைக் கணிப்பதில் இவ்வளவு சிறிய பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனை கிடையாது.

இந்த அறுவையை 1970இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கிவைத்தவர் ராபர்ட் மாக்மர். அவருடைய முதல் கருவியில் வெட்டுவது, உறிஞ்சுவது, திரவம் செலுத்துவது எல்லாமே ஒரே குழலுக்குள் அடக்கம். ஒளியிழையையும் அந்தக் குழல்மீதே உறையாக மாட்டிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கானர் ஒ'மாலி, ரால்ஃப் ஹைன்ஸ் ஆகியோர் வேலைகளைப் பிரித்து மூன்று தனித்தனித் துளைகளில் வைத்தார்கள்: ஒன்று திரவத்துக்கு, ஒன்று வெட்டுக்கருவிக்கு, ஒன்று விளக்குக்கு. துளைகளைச் சிறிதாக்குவதுதான் முதல் நோக்கம். ஆனால் அதோடு இன்னொரு நன்மையும் சேர்ந்து வந்தது. விளக்கு கருவியிலிருந்து விலகியதும் கருவிக்கு நிழல் கிடைத்தது.

நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆரஞ்சு நிற விழித்திரைக்கு மேலே கிடுக்கியின் நுனி மிதக்கிறது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வருவதால், நுனியின் நிழல் சற்றுத் தள்ளி விழித்திரையில் விழுந்திருக்கிறது. கிடுக்கியை இறக்க இறக்க நிழல் நகர்ந்து நுனியை நோக்கி வருகிறது, வரவர அதன் விளிம்பும் கூர்மையாகிறது. நுனியும் நிழலும் சேரும் இடம்தான் விழித்திரையின் பரப்பு. சேர்வதற்குச் சற்று முன்பே கை நின்றாக வேண்டும். நுண்ணோக்கி இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆழத்தை உணர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கடைசி அரை மில்லிமீட்டரில் நிழலும் சேர்ந்து சாட்சி சொல்கிறது.

இனி வயிற்றுக்குள் வருவோம். பித்தப்பைக் கல்லுக்கான லேப்ராஸ்கோப்பியை எடுத்துக்கொண்டால், தொப்புள் அருகே 10 மில்லிமீட்டர் துளை வழியாக எண்டோஸ்கோப் உள்ளே போகிறது. அதன் நடுவே படத்தைக் கடத்தும் கண்ணாடித் தண்டுகள், அவற்றைச் சுற்றி ஒளியைக் கடத்தும் இழைகள். விளக்கும் கண்ணும் ஒரே முனையில், ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கின்றன. ஒரு பொருளின் நிழல் எப்போதும் விளக்குக்கு எதிர்ப்புறம்தான் விழும். விளக்கு நிற்கும் இடத்திலிருந்தே நாமும் பார்த்தால், நிழல் முழுவதும் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மானிட்டரில் ஈரல் பளபளக்கும், பித்தப்பை பச்சை நீலமாகத் தெரியும், கருவிகள் வெள்ளிபோல் மின்னும். நிழல் மட்டும் அனேகமாக இருக்காது. கேமரா ஒன்றே என்பதால் இரண்டு கண்களுக்கும் போய்ச்சேர்வது ஒரே தட்டைப் படம்.

நமக்கு வழக்கமாக ஆழத்தைச் சொல்லித்தரும் குறிப்புகள் பல. இரு கண்களின் பட வேறுபாடு, தலையை அசைக்கும்போது அருகில் உள்ளவை வேகமாக நகர்வது, முன்னால் உள்ளது பின்னால் உள்ளதை மறைப்பது, அளவு, மங்கல், நிழல். லேப்ராஸ்கோப்பியில் இவற்றில் முதலாவது இல்லை, கடைசியும் இல்லை. தலையை அசைப்பதும் அறுவை மருத்துவரின் கையில் இல்லை, ஏனென்றால் கேமராவைப் பிடித்திருப்பவர் வேறொருவர். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் முதல் ஆண்டு பிஜி மாணவருக்குத்தான் அந்த வேலை. தியேட்டரில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், புதியவர் ஒருவர் கருவியை நீட்டும்போது நுனி இலக்குக்கு முன்பே நின்றுவிடும், அல்லது அதைத் தாண்டிப்போய் ஈரலைக் குத்தும். அனுபவம் உள்ளவர்கள் திசுவை லேசாகத் தட்டிப் பார்த்து, அது அசைவதைக் கொண்டு தூரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். கண் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது.

இதை வெறும் பயிற்சிக் குறைவு என்று ஒதுக்க முடியாது என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் லாரன்ஸ் வேயும் அவரது குழுவினரும் லேப்ராஸ்கோப்பியில் பித்தநாளம் காயமடைந்த 252 நிகழ்வுகளை எடுத்து, அறுவைக் குறிப்புகளையும் வீடியோக்களையும் மனிதப் பிழை பற்றிய உளவியலின் துணையோடு அலசி 2003இல் வெளியிட்டார்கள். அவற்றில் 97 சதவீதத்துக்கு மூலக் காரணம் பார்வை மயக்கம். கைத்திறன் குறைவால் நேர்ந்தவை 3 சதவீதம் மட்டுமே. பித்தப்பையின் சிறுநாளம் என்று உறுதியாக நம்பித்தான் பொதுப் பித்தநாளத்தை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய நேரத்தில் பலருக்குச் சந்தேகமே எழவில்லை. கை தவறியிருந்தால் கை உணர்ந்திருக்கும். மூளையே படத்தைத் தவறாகப் படித்துவிட்டால், அந்தத் தவறு சரியானதைப் போலவே தோன்றும். இந்த மயக்கத்தில் ஆழக்குறைவின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வு தனியே பிரித்துச் சொல்லவில்லை. உடற்கூறு வேறுபாடு, அழற்சி, திசுவை இழுத்துப் பிடிக்கும் திசை எல்லாம் அதில் சேரும். ஆனால் நமக்குக் கிடைக்கும் படம் எப்படிப்பட்டது என்ற கேள்வியை இனி யாரும் இரண்டாம் பட்சமாக வைக்க முடியாது.

மூளை படத்தை எப்படிப் படிக்கிறது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றில் முக்கியமான ஒன்றைச் சொன்னவர் சென்னையில் மருத்துவம் படித்தவர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவரான விளையனூர் எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் காட்டியது மிக எளிய சோதனை. மேல் பாதி வெளுத்தும் கீழ்ப் பாதி கறுத்தும் உள்ள வட்டங்களை வரைந்தால் அவை புடைத்த குமிழ்களாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டங்கள் குழிகளாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு கட்டிவைத்திருக்கிறது. ஒரே சூரியனின் கீழ் வளர்ந்த உயிரினத்தின் மூளை அப்படித்தானே இருக்கும். இந்த 'மேல்' என்பது பூமியைப் பொறுத்ததல்ல, பார்ப்பவரின் தலையைப் பொறுத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் குமிழும் குழியும் அதற்கேற்ப மாறும்.

லேப்ராஸ்கோப்பிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் சிக்கலின் அடி தெரியும். விளக்கு பார்வையோடு ஒட்டியே இருக்கும்போது, நம்மை நேராக நோக்கியிருக்கும் பரப்பு பளிச்சென்றும், எந்தப் பக்கமாகச் சரிந்தாலும் சரிவு ஒரே மாதிரி மங்கலாகவும் தெரியும். அப்போது மேட்டின் உச்சியும் பள்ளத்தின் அடியும் ஒன்றுபோலவே பிரகாசமாக இருக்கும். எது மேடு, எது பள்ளம் என்று வெளிச்சத்தை வைத்துச் சொல்வது மூளைக்குக் கடினமாகிறது. கோயில் சுவரில் தேய்ந்துபோன கல்வெட்டைப் படிக்க வருகிறவர்கள் டார்ச்சை எழுத்துக்கு நேராகப் பிடிக்க மாட்டார்கள்; சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பார்கள். நேர் வெளிச்சத்தில் காணாமல் போயிருந்த எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். வயிற்றுக்குள் நாம் டார்ச்சை நேராகவே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி ஆனது யாருடைய கவனக்குறைவாலும் அல்ல. எண்டோஸ்கோப்பின் வரலாறு முழுக்க உள்ளே வெளிச்சம் போதவில்லை என்ற ஒரே கவலையின் வரலாறு. 1806இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபிலிப் போட்சினி மெழுகுவர்த்தி வெளிச்சத்தைக் கண்ணாடி கொண்டு குழலுக்குள் அனுப்பினார். 1879இல் மாக்சிமிலியன் நிட்சே, வியன்னாவின் கருவி செய்பவர் யோசப் லைட்டருடன் சேர்ந்து, பிளாட்டினக் கம்பியைச் சூடேற்றி எரியும் விளக்காகச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே கொண்டுபோனார். சூடு தாங்காமல் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட வேண்டியிருந்தது. 1954இல் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றைகளின் வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். ஹாப்கின்ஸ் பிறகு சிறு லென்ஸுகளுக்குப் பதில் நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து எண்டோஸ்கோப்பையே மாற்றி அமைத்தார். 1960களில் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் அந்தத் தண்டுகளையும் இழைகளையும் ஒரே உறைக்குள் சேர்த்தது. விளக்கு உடலுக்கு வெளியே, அதன் ஒளி மட்டும் உள்ளே. மகத்தான முன்னேற்றம் அது. இன்றைய அறுவை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் ஒளிக்கும் பார்வைக்கும் ஒரே வாசல் என்பதும் அன்றோடு உறுதியாகிவிட்டது.

எரிச் மூஹெ 1985இல் ஜெர்மனியில் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா 1990இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் சி. பழனிவேலு அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே இந்த முறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார். கேமரா மேம்பட்டது, மானிட்டர் பெரிதாயிற்று, படம் துல்லியமானது. விளக்கின் இடம் மட்டும் மாறவில்லை.

ஆழத்தை மீட்க உலகம் தேர்ந்தெடுத்த வழி இரண்டாவது கேமரா. எண்டோஸ்கோப்பின் நுனியில் இரண்டு பார்வைகள், திரையில் இரண்டு படங்கள், மருத்துவருக்குச் சிறப்புக் கண்ணாடி. ரோபோ அறுவையில் மருத்துவர் இரட்டைப் படம் தரும் கன்சோலில் அமர்ந்து பார்க்கிறார். கோபாலபுரத்திலிருந்து சிறிது தூரத்தில், அண்ணா சாலை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டது. செலவு 34.60 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அதுவே முதல். கட்டணம் கட்ட வழியில்லாத நோயாளிக்கும் அந்தத் தொழில்நுட்பம் கிடைக்க வேண்டும் என்ற முடிவை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் இரட்டைப் படத்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று ஆராய்ந்தவர்களின் முடிவுகள் கலவையானவை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஜார்ஜ் ஹன்னா, சாமி ஷிமி, ஆல்ஃபிரெட் குஷியேரி மூவரும் 60 பித்தப்பை அறுவைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியை இருபரிமாணப் படத்திலும் பாதியை முப்பரிமாணப் படத்திலும் செய்யவைத்தார்கள். 1998இல் 'லான்செட்' வெளியிட்ட முடிவின்படி நேரத்திலும் பிழைகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்சோர்வு மட்டும் மிஞ்சியது. அன்றைய கருவிகள் மங்கலானவை. இப்போதைய முப்பரிமாண மானிட்டர்களில் அந்தக் குறைகள் பெருமளவு நீங்கிவிட்டன. 2018இல் கூடிய ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி அறுவை மருத்துவர் சங்கத்தின் கருத்தொருமை மாநாடு, முப்பரிமாணப் படம் அறுவை நேரத்தைக் குறைக்கிறது என்று ஏற்றது. தையல் போடுவது போன்ற வேலைகளில் அது தரும் உதவியைச் செய்கிறவர்களே உணர்கிறார்கள்.

இருந்தாலும் அதற்கு இயற்கையாகவே ஓர் எல்லை உண்டு. நம் கண்கள் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். எண்டோஸ்கோப்பின் தடிமனே 10 மில்லிமீட்டர் என்னும்போது அதன் இரண்டு பார்வைகளுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். திசுவை நெருங்கும்போது அது போதும். விலக விலக வலு குறைந்துவிடும். இரு கண் பார்வை ஒருங்கிணையாத மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது கேமராவால் பயனே இல்லை. நிழலோ ஒற்றைக் கண்ணுக்கும் புரியும், சாதாரண மானிட்டரிலும் தெரியும்.

அதே டண்டீ குழுவினர்தான் நிழலையும் சோதித்தார்கள். 2002இலும் 2004இலும் வெளியான ஆய்வுகளில், எண்டோஸ்கோப்பின் விளக்கோடு தனியே இன்னொரு விளக்கைச் சேர்த்து, கருவிகளுக்கு நிழல் விழும்படி செய்து, பயிற்சிப் பெட்டிக்குள் வேலைகளைச் செய்யவைத்தார்கள். நிழல் இருந்தபோது செயல்பாடு மேம்பட்டது. நிழல் அடர்த்தியானால் நல்லது என்றும் இல்லை. மிகக் கறுத்த நிழல் திசுவையே மறைத்துவிடும், மிதமான நிழல்தான் பயன்பட்டது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியைவிட மேலிருந்து வரும் ஒளி நல்ல பலன் தந்தது. ராமச்சந்திரனின் வட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இவ்வளவு மலிவான வழி ஏன் தியேட்டருக்குள் வரவில்லை? தனி விளக்குக்குத் தனித் துளை வேண்டும். துளைகளைக் குறைப்பதே நோக்கமாக இருக்கும் துறையில், வெட்டவோ பிடிக்கவோ உதவாத ஒரு துளைக்கு யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை. குளிர் ஒளி என்று பெயர் பெற்றாலும் கேபிள் நுனியின் சூடு அறுவைத் துணியைக் கருக்கிவிடும் என்பது தியேட்டரில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. இரண்டாவது கேபிள் வந்தால் ஆபத்தும் இரண்டாகும். வயிற்றுக்குள் கேமரா இடம் மாறும்போதெல்லாம் நிழலின் திசையும் மாறும், அதைக் கவனித்துக்கொள்ள இன்னொரு கை தேவை. இவை உண்மையான தடைகள். ஆனால் ஒளி உமிழும் டயோடு சில மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிட்ட காலம் இது. எண்டோஸ்கோப்பின் உறையிலேயே, நுனிக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் விரியும்படியோ, ஏற்கனவே போட்ட கருவித் துளையின் விளிம்பிலேயோ விளக்கை வைக்க முடியும். இரண்டாவது கேமராவுக்குச் செலவான அறிவிலும் பணத்திலும் சிறு பங்கு இதற்குக் கிடைத்திருந்தால் இந்நேரம் இது வழக்கமான கருவியாகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இருக்கும் கருவியிலேயே ஆழத்தைத் தின்றுவிடும் காரணங்களும் சில உண்டு. எண்டோஸ்கோப் விளக்கு திசுவுக்கு மிக அருகில் இருப்பதால் தூரத்துக்கேற்ப வெளிச்சம் வேகமாகக் குறையும். ஐந்து சென்டிமீட்டரில் உள்ள திசு பத்து சென்டிமீட்டரில் உள்ளதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் பெறும். நிழல் இல்லாத படத்தில் இது அரிய ஆழக்குறிப்பு. படம் முழுவதும் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று கேமராவின் தானியங்கி அமைப்பு இருளைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கும்போது அந்தக் குறிப்பும் அழிந்துபோகிறது. பார்க்க அழகான படம் கிடைக்கும், படிக்க உதவாத படம்.

கேபிளின் கதை இன்னும் எளியது. ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் கொண்ட அந்தக் கேபிளை இறுக்கிச் சுருட்டினாலோ கீழே போட்டாலோ இழைகள் முறியும். ஒரு முனையை ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மறுமுனையைப் பார்த்தால் முறிந்த இழைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் பெருகப் பெருக உள்ளே போகும் ஒளி குறையும், கேமரா அதை ஈடுகட்டச் சமிக்ஞையைப் பெருக்கும், படத்தில் பொடிப்பொடியாக இரைச்சல் ஏறும், நுண்ணிய விளிம்புகள் கரையும். ஈரம் படிந்த லென்ஸும், திசுவைச் சுடும் காட்டரிக் கருவியின் புகையும், துணியில் காட்டிச் சரிபார்க்காத வெள்ளைச் சமநிலையும் இதையேதான் செய்கின்றன. இவற்றைச் சரிசெய்யக் கோடிகள் வேண்டாம். கேபிளை அறுவைக்கு முன் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கமும், புள்ளிகள் கூடினால் உடனே மாற்றிக் கொடுக்கும் கொள்முதல் முறையும் போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அறுவைக்குப் படுக்கும் நோயாளிக்கு முப்பரிமாணத் திரையைவிட இது முதலில் வந்து சேர வேண்டியது.

நன்றாகப் பார்ப்பது என்பது கருவியோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மார்புக்குள் எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் அறுவையைப் பழனிவேலுவின் குழுவினர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செய்தார்கள். 130 நோயாளிகளின் அனுபவம் 2006இல் வெளியானது. குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையாலேயே முன்பக்கம் சரிந்து வழிவிடும். கசியும் இரத்தமும் அறுவை நடக்கும் இடத்தில் குளம் கட்டாமல் வழிந்து விலகிவிடும். இரத்தம் ஒளியைக் குடித்துவிடும் பொருள். சிறு தேக்கமும் படத்தையே இருட்டாக்கும். உடலின் கிடையை மாற்றியே காட்சியைத் தெளிவாக்கினார்கள்.

மேடு பள்ளத்தை வெளிக்கொண்டுவரச் சாயமும் உதவுகிறது. இரைப்பையில் ஆரம்பநிலைப் புற்றைத் தேடும் ஜப்பானிய எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் இண்டிகோ கார்மைன் என்ற நீலக் கரைசலைத் தெளிப்பார்கள். அது சவ்வில் ஊறுவதில்லை. பள்ளங்களில் தேங்கி நிற்கும். அரை மில்லிமீட்டர் மேடும் நீலக் கோட்டால் வரைந்ததுபோல் தெரியும். ஒளி தராத நிழலைச் சாயம் தருகிறது என்றே சொல்லலாம். பித்தநாளத்தை ஒளிரச் செய்யும் இண்டோசயனின் கிரீன் வேறு வகை. ஊசியில் ஏற்றினால் ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றும். அகச்சிவப்பு ஒளியில் நாளம் பச்சையாக மின்னும். எது பித்தநாளம் என்ற கேள்விக்கு அது துணை செய்யும். கருவியின் நுனி அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அது சொல்லாது.

கணினியும் களத்தில் இறங்கியிருக்கிறது. ஒற்றைக் கேமராப் படத்திலிருந்தே ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கணிக்கும் மென்பொருள்களைப் பல நாட்டு ஆய்வகங்கள் உருவாக்குகின்றன. அவற்றில் சில, விளக்கு நுனியிலிருந்து தூரம் கூடும்போது வெளிச்சம் குறையும் அதே இயற்பியல் விதியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மனிதக் கண்ணுக்கு மறைந்துபோன குறிப்பை இயந்திரம் கணக்காக மீட்கிறது. ஆனால் ஈரத் திசுவின் பளபளப்பு, துடிக்கும் இரத்தக் குழாய், புகை, இழுபட்டு உருமாறும் உறுப்பு ஆகியவற்றுக்கு நடுவே அந்தக் கணக்கு ஒருமுறை தவறினாலும் திரையில் உறுதியான எண்ணாகவே தோன்றும். வேயின் 252 நிகழ்வுகளில் மருத்துவர்களின் மூளை செய்த பிழையை இயந்திரம் செய்யக் கூடாது. மென்பொருளுக்குக் கொடுக்கும் படத்திலும் நிழல் இருந்தால் அதன் கணிப்பும் திடப்படும். ஒரே காட்சியை வெவ்வேறு திசை விளக்குகளில் எடுத்துப் பரப்பின் சரிவைக் கணக்கிடும் முறையை ராபர்ட் உட்ஹாம் 1980லேயே வகுத்துத் தந்திருக்கிறார். அதற்கும் விளக்கு லென்ஸை விட்டு நகர்ந்தாக வேண்டும்.

இந்த வாதத்துக்குக் கண் மருத்துவத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. காயத்தாலோ தொற்றாலோ கருவிழி வெளுத்துவிட்ட கண்ணில் நுண்ணோக்கியால் உள்ளே பார்க்க முடியாது. அப்போது விழித்திரை மருத்துவர்கள் கண்ணுக்குள்ளேயே எண்டோஸ்கோப்பை விடுகிறார்கள். 1992இல் மார்ட்டின் யூரம் அறிமுகப்படுத்திய அந்தக் கருவியில் படம், ஒளி, லேசர் மூன்றும் ஒரே மெல்லிய குழலுக்குள் அடக்கம். நுண்ணோக்கியில் பல ஆண்டுகள் பழகிய கைகூட அதில் தடுமாறும், ஆழம் தெரியாது. அதே கண், அதே விழித்திரை, அதே மருத்துவர். இரு கண் பார்வை போனதும் ஒரு காரணம். ஒளி லென்ஸோடு சேர்ந்துகொண்டதும் ஒரு காரணம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்து அளக்க, எண்டோஸ்கோப்போடு தனி ஒளிக்குழல் ஒன்றையும் இன்னொரு துளையில் வைத்துச் செய்து பார்க்கலாம். விழித்திரை மருத்துவரிடம் அந்தக் குழல் ஏற்கனவே இருக்கிறது, அதைப் பிடிக்கப் பழகிய கையும் இருக்கிறது.

வயிற்று அறுவைக்கான சோதனை இதைவிட எளிது. மருத்துவக் கல்லூரித் திறன் ஆய்வகங்களில் பிஜி மாணவர்கள் பழகும் பயிற்சிப் பெட்டியின் மூடியில், கேமராவிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினால் போதும். ஒரே மாணவர் ஒரே வளையத்தில் நூலைக் கோக்கும் வேலையை விளக்கு அணைந்திருக்கும்போதும், மிதமாக எரியும்போதும், முழுதாக எரியும்போதும் செய்யட்டும். நுனி இலக்கைத் தாண்டிப்போகும் தடவைகளை ஒருவர் எண்ணிக் குறித்துக்கொள்ளட்டும். கேமராவைப் பெட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றி, நிழல் திரையில் மேல்நோக்கி விழும்போதும் எண்ண வேண்டும். ஏனென்றால் தியேட்டரில் கேமரா ஓரிடத்தில் நிற்பதில்லை.